நீண்ட கழுத்தின் கதை: ஒட்டகச்சிவிங்கியை மாந்தர் அறிந்துகொண்ட வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆண்டு ஐந்து மாணவர்களுக்கு விலங்குகளின் உடலமைப்பைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒட்டகச்சிவிங்கியின் படத்தை வெண்பலகையில் ஒட்டி, "இதன் கழுத்து ஏன் நீளமாக இருக்கிறது?" என்று கேட்டேன். "உயரமான மரத்து இலைகளைத் தின்பதற்காக, டீச்சர்!" என்று வகுப்பே ஒரே குரலில் விடை சொன்னது. நானும் மனநிறைவோடு அதையே பலகையில் எழுதினேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் கையை உயர்த்தினான். "டீச்சர், அது தண்ணி குடிக்கக் குனிஞ்சா ரத்தமெல்லாம் தலைக்கு வந்துடாதா? மறுபடியும் நிமிர்ந்தா மயக்கம் வராதா?" என்றான்.

மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிடங்களே இருந்தன. "அதற்கு மிகப் பெரிய இதயம் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்திற்குச் சென்றுவிட்டேன். அவன் கையை இறக்கிக்கொண்டான். ஆனால் அவன் முகத்தில் தெளிவு பிறக்கவில்லை.

பின்னர் படித்துப் பார்த்தபோதுதான், அன்று பலகையில் எழுதிய விடையும் வாயால் சொன்ன விடையும் குறையுடையவை என்பது எனக்குப் புரிந்தது. முதல் குறையை உலகம் களைந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இரண்டாவதை அறிவியலாளர்களே அண்மைக் காலத்தில்தான் திருத்தினர். அந்த வரலாற்றையே இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

பெயரிலேயே ஒரு வியப்பு

கி.மு. 46ஆம் ஆண்டில் ஜூலியஸ் சீசர் ரோம் நகருக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கியைக் கொண்டுவந்து மக்களுக்குக் காட்டினார். அதற்கு வழங்கிய பெயர் கமேலோபார்டாலிஸ். ஒட்டகத்தையும் சிறுத்தையையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. ஒட்டகம் போன்ற உருவம், சிறுத்தை போன்ற புள்ளிகள்! பாரசீக மொழியிலோ ஒட்டகம், மாடு, சிறுத்தை என மூன்று விலங்குகளின் பெயர்களை ஒன்றாக இணைத்து அழைத்தனர். நம் தமிழ்ப் பெயரும் அதே வழியில்தான் அமைந்துள்ளது. சிவிங்கி என்பது சிறுத்தையைப் போன்ற வேட்டை விலங்கு ஒன்றன் பெயர். ஆகவே, ஒட்டகச்சிவிங்கி என்று நாம் சொல்லும்போதெல்லாம் அந்தப் பழைய வியப்பையே மீண்டும் சொல்கிறோம்.

நம் வட்டாரத்திற்கு அருகிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1414ஆம் ஆண்டில் வங்காளத்து மன்னர் சீனப் பேரரசர் யொங்லேவுக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கியைப் பரிசாக அனுப்பினார். மறு ஆண்டு, ஆப்பிரிக்கக் கடற்கரையிலுள்ள மலிண்டி நகரிலிருந்து இன்னொன்று சென்றது. மலாக்காவைத் தங்குமிடமாகக் கொண்டு செங் ஹோவின் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலில் சென்றுவந்த காலம் அது. சீன அரசவையினர் அவ்விலங்கைக் கண்டு, நல்லாட்சி நடக்கும் காலத்தில் மட்டுமே தோன்றும் 'சீலின்' என்னும் புராண விலங்காகக் கொண்டாடினர். ஷென் டூ என்னும் அரசவை அறிஞர் அதைப் போற்றி எழுதினார், ஓவியமும் தீட்டப்பட்டது.

இவ்வாறு பல நூற்றாண்டுகளாக மாந்தர் இவ்விலங்கைக் கண்டு வியந்தனர், பெயரிட்டனர், பரிசளித்தனர். அவ்வளவு உயரத்திலுள்ள தலைக்கு இரத்தம் எவ்வாறு ஏறுகிறது என்று அளந்து பார்க்கும் நாள் மட்டும் வெகு தொலைவில் இருந்தது.

பாரிசுக்கு நடந்து சென்ற விலங்கு

1826ஆம் ஆண்டு அக்டோபரில் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் ஓர் இளம் பெண் ஒட்டகச்சிவிங்கி வந்திறங்கியது. எகிப்தின் ஆட்சியாளர் முகமது அலி, பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லசுக்கு அனுப்பிய பரிசு அது. கப்பலின் மேல்தளத்தில் ஒரு துளையிட்டு, அதன்வழியே கழுத்தை நீட்டிக்கொள்ள வசதி செய்திருந்தார்கள். பால் கொடுப்பதற்காகப் பசுக்களும் உடன் வந்தன.

குளிர்காலம் கழிந்த பின்னர், 1827 மே 20ஆம் நாள் அது மார்செய்யிலிருந்து பாரிசை நோக்கி நடக்கத் தொடங்கியது. ஏறத்தாழ 880 கிலோமீட்டர் தொலைவு. ஜியோஃப்ருவா சேன்ட்-இலேர் என்னும் புகழ்பெற்ற விலங்கியல் பேராசிரியர் தமது 55ஆம் வயதில் அதனுடன் வழிநடை சென்றார். வழியெங்கும் மக்கள் திரண்டு நின்று பார்த்தனர். ஜூன் 30ஆம் நாள் பாரிசை அடைந்த அவ்விலங்கு, அங்குள்ள இயற்கை அருங்காட்சியகத்துத் தோட்டத்தில் 1845 வரை வாழ்ந்தது.

அதே அருங்காட்சியகத்தில் அப்போது இன்னொரு முதிய பேராசிரியரும் இருந்தார். அவர் பெயர் லமார்க். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து ஏன் நீண்டது என்று 1809ஆம் ஆண்டிலேயே தமது நூலில் எழுதியவர் அவர். ஆனால், அவ்விலங்கு பாரிசுக்கு வந்தபோது அவர் பார்வையை முற்றிலும் இழந்திருந்தார். தாம் எழுதிய விலங்கு தம் தோட்டத்திற்கே வந்தும் அவரால் அதைக் கண்ணால் காண இயலவில்லை.

லமார்க்கின் விடையும் வாலஸ் செய்த திருத்தமும்

லமார்க் கூறியதன் சாரம் இதுதான்: வறண்ட நிலத்தில் வாழும் ஒட்டகச்சிவிங்கி மரத்து இலைகளையே நம்பியிருக்கிறது. ஆகவே அது இடைவிடாமல் மேல்நோக்கி எம்புகிறது. இப்பழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்ததால் முன்னங்கால்களும் கழுத்தும் நீண்டுவிட்டன.

இன்று இதை எளிதாக நகைத்துவிடலாம். ஆனால் அது முறையன்று. உயிரினங்கள் படைக்கப்பட்ட நாள் முதல் மாறாமலே இருக்கின்றன என்று பெரும்பாலோர் நம்பிய காலத்தில், அவை மாறுகின்றன என்று துணிந்து எழுதியவர் அவர். மாறும் வழியைப் பற்றிய அவர் விளக்கமே பிழையானது. நாள்தோறும் கழுத்தை நீட்டிப் பயிற்சி செய்பவருக்குப் பிறக்கும் குழந்தை நீண்ட கழுத்தோடு பிறப்பதில்லையே!

அந்தப் பிழையைச் சுட்டிக்காட்டிய எழுத்து, நம் மலாய்த் தீவுக்கூட்டத்திலிருந்துதான் புறப்பட்டது. ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் என்னும் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் 1854ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தார். மலாக்காவிலும் சரவாக்கிலும் தங்கிப் பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்தார். 1858ஆம் ஆண்டு தொடக்கத்தில், இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த டெர்னாத்தே தீவிலிருந்து டார்வினுக்கு ஒரு கட்டுரையை அனுப்பினார். அதில் அவர் எடுத்துக்காட்டிய விலங்குகளுள் ஒட்டகச்சிவிங்கியும் ஒன்று. இலைகளை எட்ட விரும்பிக் கழுத்தை நீட்டியதால் அது நீளவில்லை. வழக்கத்தைவிடச் சற்று நீண்ட கழுத்துடன் பிறந்தவைக்கு மற்றவற்றுக்கு எட்டாத இலைகளும் கிடைத்தன. பஞ்சம் வந்தபோது அவையே பிழைத்தன என்பது வாலஸின் விளக்கம்.

அந்தக் கட்டுரையும் டார்வினின் குறிப்புகளும் 1858 ஜூலை 1ஆம் நாள் இலண்டனில் ஒருசேர வாசிக்கப்பட்டன. மறு ஆண்டு வெளிவந்த டார்வினின் பெருநூலில் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைவிட வால் முதன்மை பெற்றது. ஈக்களை விரட்டும் கருவியாக வால் எவ்வாறு உருவாகியிருக்கும் என்று அவர் ஆராய்ந்தார். கழுத்தைப் பற்றி 1872இல் வந்த ஆறாம் பதிப்பில்தான் விரிவாக எழுதினார். வறட்சிக் காலத்தில், மற்றவற்றைவிட ஓரிரு அங்குலம் உயரமாக எட்டக்கூடியவை பிழைத்திருக்கும் என்றார். கழுத்து நீண்டால் உடலின் பிற உறுப்புகளும் அதற்கேற்ப மாறியாக வேண்டுமே, அது எவ்வாறு நிகழும் என்ற எதிர்ப்பையும் அவர் எதிர்கொண்டார். என் மாணவன் கேட்டதும் ஏறத்தாழ அதே கேள்விதான்!

அளந்து பார்த்தவர்கள்

இதற்கு விடை காண அளவுகள் தேவைப்பட்டன. இரத்தத்தை ஒரு மீட்டர் உயரத்திற்கு ஏற்ற ஏறத்தாழ 77 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வேண்டும். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தோ ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம்!

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பணியாற்றிய ராபர்ட் கோட்ஸ் என்னும் அறுவை மருத்துவர், 1950களில் தம் குழுவினருடன் ஒட்டகச்சிவிங்கிகளின் இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். அவ்விலங்கின் இரத்த அழுத்தம் மனிதரைப் போல் ஏறத்தாழ இருமடங்கு என்பது இத்தகைய ஆய்வுகளால் உறுதியானது. நமக்கு அந்த அளவு இருந்தால் மருத்துவர் உடனே மருத்துவமனையில் சேர்த்துவிடுவார். அதற்கோ அதுவே இயல்பு. இதே கோட்ஸ்தான் 1960ஆம் ஆண்டில் நியூயார்க்கில் மனித இதயத்தின் இரத்தக்குழாய் அடைப்புக்கு மாற்றுவழி அமைக்கும் அறுவையை முன்னோடியாகச் செய்தவர்.

அந்த அழுத்தத்தை உண்டாக்க இதயம் மிகப் பெரியதாக இருக்கும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. நூல்களும் அவ்வாறே எழுதின. நானும் வகுப்பில் அவ்வாறே சொன்னேன். ஆனால், 2016இல் வெளியான ஆய்வொன்று வேறு செய்தியைத் தந்தது. ஒட்டகச்சிவிங்கியின் இதயம் அதன் உடல் எடையில் ஏறத்தாழ 0.5 விழுக்காடுதான். மற்றப் பாலூட்டிகளின் இதயமும் அவ்விகிதத்தில்தான் உள்ளது. வேறுபாடு இதயத்தின் சுவரில் இருக்கிறது. இடது கீழறையின் தசைச்சுவர் மிகவும் தடித்தது, உள்ளிடமோ சிறியது. ஒவ்வொரு துடிப்பிலும் குறைந்த அளவு இரத்தத்தை மிகுந்த விசையுடன் அது தள்ளுகிறது. ஆகவே, "பெரிய இதயம்" என்ற என் விடை பிழை. "வலிய சுவர் கொண்ட இதயம்" என்பதே சரி.

குனிந்தால் என்ன ஆகும்?

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம்.

ஒட்டகச்சிவிங்கி குனியும்போது, கழுத்திலுள்ள பெரிய சிரைகள் விரிந்து பெருமளவு இரத்தத்தைத் தம்முள் தேக்கிக்கொள்கின்றன. அச்சிரைகளில் உள்ள தடுக்கிதழ்கள் அந்த இரத்தம் தலையை நோக்கித் திரும்பி ஓடாமல் காக்கின்றன. அதே வேளையில், இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைவதால் இதயம் வெளியே தள்ளும் அளவும் குறைந்து அழுத்தம் தணிகிறது. தலை நிமிரும்போது, தேங்கிய இரத்தம் விரைந்து இதயத்தை அடைகிறது. அழுத்தம் மீண்டும் உயர்கிறது. அதனால்தான் மயக்கம் வருவதில்லை. மூளையின் அடிப்பகுதியில் நுண்குழாய்களாலான ஒரு வலைப்பின்னலும் உண்டு.

கால்களின் நிலை என்ன? இதயத்திலிருந்து வெகு கீழே இருப்பதால் அங்கு அழுத்தம் இன்னும் மிகுதி. நம் கால்களில் அவ்வளவு அழுத்தம் இருந்தால் நீர் கசிந்து பாதங்கள் வீங்கிவிடும். ஒட்டகச்சிவிங்கியின் கால் தோலும் அதன் கீழுள்ள உறையும் இறுக்கமானவை. நெடுநேரம் நின்று பணி செய்வோர் அணியும் இறுக்கமான காலுறையைப் போல அவை செயற்படுகின்றன. கால் தமனிகளின் சுவர்களும் தடித்தவை. 1987ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. விண்வெளி வீரர்களின் உடலில் இரத்தம் இடம் மாறுவதை ஆராய்ந்தோரும் இதில் ஆர்வம் காட்டினர்.

கழுத்து கேட்ட விலை

நீண்ட கழுத்து வேறு பல ஏற்பாடுகளையும் வேண்டியது. சிலவற்றை மட்டும் கூறுகிறேன்.

எலும்புகள்: அத்துணை நீண்ட கழுத்தில் இருப்பவை ஏழே எலும்புகள். மனிதருக்கும் ஏழு, எலிக்கும் ஏழு. எலும்புகளின் எண்ணிக்கை கூடவில்லை. ஒவ்வொன்றும் 25 சென்டிமீட்டர் அளவிற்கு நீண்டுவிட்டது. கழுத்தை அடுத்துள்ள முதல் மார்பு முள்ளெலும்பும் ஓரளவு அசைந்து கழுத்துக்குத் துணைசெய்கிறது என்று 2016இல் சப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். கழுத்தின் பின்புறத்திலுள்ள வலிய தசைநார் அதன் பாரத்தைத் தாங்குகிறது.

மூச்சு: நீண்ட மூச்சுக்குழலில் தங்கும் காற்று நுரையீரலுக்குப் பயன்படாத காற்று. குழல் அகலமாகவும் இருந்தால் வீணாகும் காற்று இன்னும் கூடும். ஆகவே, அவ்வளவு பெரிய உடலுக்கு எதிர்பார்ப்பதைவிட ஒடுக்கமான குழலே அமைந்துள்ளது.

நரம்பு: மூளையிலிருந்து குரல்வளைக்குச் செல்லும் நரம்பொன்று நேராகச் செல்வதில்லை. மார்பு வரை இறங்கி, இதயத்தை ஒட்டிய பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறுகிறது. நம் உடலிலும் அதே வழிதான். மீன் போன்ற மூதாதையரின் உடலில் அது குறுக்குவழி. கழுத்து நீண்ட பின் சுற்றுவழியாகிவிட்டது. ஒட்டகச்சிவிங்கியின் உடலில் இச்சுற்றுவழி நான்கு மீட்டரையும் கடக்கக்கூடும். ஒன்றற்காகத் திட்டமிட்டு அமைத்த உடலாக இருந்தால் இப்படி ஒரு சுற்றுவழி இருக்குமா? பழைய வீட்டிற்குப் புதிய அறைகளைச் சேர்த்தபோது மாற்ற முடியாமல் விட்ட மின்கம்பியைப் போன்றது அது.

கால்கள்: இவ்வளவு நீண்ட கழுத்தும் தரையை எட்டப் போதவில்லை என்பதுதான் வேடிக்கை! கால்கள் அத்துணை நீளம். முன்னங்கால்களை அகட்டியோ மடக்கியோதான் அது நீர் அருந்துகிறது. சிங்கம் தாக்குவதற்கு ஏற்ற நேரமும் அதுவே.

ஏன் நீண்டது? இன்னும் முடியாத உரையாடல்

கழுத்து நீண்ட வரலாற்றைப் புதைபடிவங்கள் ஓரளவு காட்டுகின்றன. ஏறத்தாழ 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சமோதீரியம் என்னும் விலங்கின் கழுத்து, ஒகாபியின் குட்டைக் கழுத்துக்கும் ஒட்டகச்சிவிங்கியின் நெடுங்கழுத்துக்கும் இடைப்பட்டது. எலும்புகளின் முன்பகுதி முதலிலும் பின்பகுதி மிகப் பிற்காலத்திலும் நீண்டன என்று 2015இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

நீண்டதால் என்ன பயன் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆண் ஒட்டகச்சிவிங்கிகள் கழுத்தை வீசிப் போரிடுகின்றன. வென்றவற்றுக்கே துணை கிடைக்கிறது. நீண்ட கழுத்து பெருகியதற்கு அதுவே காரணமாகலாம் என்று 1996இல் இரு ஆய்வாளர்கள் எழுதினர். 2007இல் வெளியான மற்றோர் ஆய்வோ, சிறிய விலங்குகள் தாழ்ந்த இலைகளைத் தின்றுவிடுவதால், உயரத்தில் மேயும் ஒட்டகச்சிவிங்கிக்கு ஒவ்வொரு கடிக்கும் மிகுதியான இலை கிடைக்கிறது என்று களத்தில் சோதித்துக் காட்டியது.

2021இல் மரபணு ஆய்வும் இதில் சேர்ந்தது. ஒட்டகச்சிவிங்கியில் பெரிதும் மாறியிருந்த ஒரு மரபணுவின் வடிவத்தை எலிகளில் புகுத்தினர். இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்தைக் கொடுத்தபோதும் அவ்வெலிகள் அதனை எதிர்த்து நின்றன. அவற்றின் எலும்புகளும் வலுவாக இருந்தன. எலும்புக்கும் இரத்த ஓட்டத்திற்கும் ஒரே மரபணு துணைசெய்யக்கூடும் என்பது, டார்வின் எதிர்கொண்ட பழைய எதிர்ப்புக்கு ஒரு பகுதி விடையன்றோ?

வகுப்பறைக்குத் திரும்புவோம்

ஆசிரியப் பெருமக்களே! நம் மொழியில் 'அதற்காக' என்னும் சொல் மிக எளிதாக வந்து விழுகிறது. "இலைகளைத் தின்பதற்காகக் கழுத்து நீண்டது" என்று எழுதும்போது, நாம் அறியாமலே லமார்க்கின் பக்கம் சென்றுவிடுகிறோம். "நீண்ட கழுத்துடன் பிறந்தவை உயரமான இலைகளையும் தின்ன முடிந்தது, அதனால் அவை மிகுதியாகப் பிழைத்துக் குட்டிகளை ஈன்றன" என்று எழுதிப் பாருங்கள். வாக்கியம் சற்று நீள்கிறது. ஆனால் பத்து வயதுக் குழந்தைக்கும் அது விளங்கும். 'அதற்காக' என்பதற்கும் 'அதனால்' என்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கற்பிப்பது மொழிப்பாடமும் ஆகும், அறிவியல் பாடமும் ஆகும்.

பெற்றோர்களே! இன்றிரவு உங்கள் பிள்ளையைத் தலை குனியச் செய்து பின்கழுத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்குத் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு பெரும்பாலும் ஏழாவது கழுத்தெலும்பு. "ஒட்டகச்சிவிங்கிக்கும் இத்தோடு முடிந்துவிடுகிறது" என்று சொல்லுங்கள். அடுத்த கேள்வியைப் பிள்ளையே கேட்கும். விடை தெரியாவிட்டால், "தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லத் தயங்காதீர்கள். நான் அன்று தயங்கியதால் ஒரு மாணவனின் கை இறங்கிப்போனது.

அவனை அண்மையில் காய்கறிச் சந்தையில் கண்டேன். இடைநிலைப் பள்ளி மாணவன். என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டான். "நீ ஆண்டு ஐந்தில் கேட்ட கேள்விக்கு நான் தவறான விடை சொல்லிவிட்டேன், தம்பி" என்றேன். அவனுக்கு அந்தக் கேள்வியே நினைவில் இல்லை. தாயின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு சிரித்தான்.

"பரவாயில்லை டீச்சர், இப்ப சொல்லுங்க" என்றான்.

கீரைக் கடைக்கு அருகில் நின்றபடியே சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்போ அது தூங்கும்போது தலையை எங்க வெச்சுக்கும்?" என்று கேட்டான்.

"தெரியவில்லை. தேடிப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை